இருபத்து நாலும் பத்திரம்

"இந்த ஆளை நான் இன்னும் பார்க்கவே இல்ல. ஆனா இப்பவே பிடிக்கல" என்றாள் கிடுக்கி.

அவள் கையில் நாற்பது பக்க அறிக்கை ஒன்று இருந்தது. அட்டையில் பேராசிரியரின் வண்ணப் படம். கழிவுநீர்க் குட்டையைப் பற்றிய அறிக்கைக்குத் தன் முகத்தை அட்டைப்படமாகப் போட்டுக்கொள்ள ஒரு தனித் துணிச்சல் வேண்டும். அது அவரிடம் தாராளமாக இருந்தது.

கிடுக்கி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் பொய் விபத்துகளைத் துருவியபோது அவள் பிடியில் சிக்கியவர்கள் வைத்தது. இப்போது ஜெராக்ஸ் கடை மாடியில் தனியாகத் துப்பறிகிறாள். கூட இருப்பவன் அரைவக்கீல். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டவன். வயது நாற்பத்திரண்டு. தலையில் முடி குறையக் குறைய வாயில் பேச்சு கூடிக்கொண்டே போனது.

எதிரே பெஞ்சில் இரண்டு பெண்கள். நாத்தனார் ஒரு கோடியில், அண்ணி மறு கோடியில். நடுவே இன்னும் மூன்று பேர் உட்காரலாம்.

"மூணு மணிக்குக் கடைசி விசாரணைங்க" என்றாள் நாத்தனார். பேராசிரியருக்குக் கீழே வேலை பார்க்கும் ஆய்வாளர். "'ஒரு வரிசையை மறைச்சுக் கணக்கைத் திரிச்சது நான்தான்'னு ஒரு கடிதம் இப்பவே டைப் பண்ணி வச்சிருக்காங்க. கையெழுத்துப் போட்டா வேலையோட போயிடுமாம். போடலைன்னா போலீஸாம்."

"திரிச்சியா?"

"இல்லீங்க."

"அதை இவ அண்ணன்கிட்ட யாரு சொல்றது?" என்றாள் அண்ணி. "என் வீட்டுக்காரர் இவகூடப் பேசி மூணு மாசம் ஆச்சுங்க. எங்க தெருவுக்குப் பின்னாடிதான் பழைய பேட்டரி உருக்குற ஆலை. அவங்க குட்டையில இருந்து எங்க கிணத்துக்கு ஈயம் வந்துடுச்சு. என் பொண்ணு ரத்தத்துலயும் ஈயம். ஏழு வயசு. நேத்து படிச்ச பாடம் இன்னிக்கு மறந்துடுது. 'குட்டைக்கு அடியில இருக்கிற களிமண்ணு ஈயத்தை விடவே விடாது'ன்னு எழுதின அறிக்கையில யார் பேரு இருக்கு? அவ அத்தை பேரு."

"அப்புறம் ஏன் நீங்களே இவளைக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றான் அரைவக்கீல்.

"இவளுக்குப் பொய் சொல்ல வராதுங்க. சின்ன வயசுல பீங்கான் தட்டை உடைச்சா, துண்டையெல்லாம் எண்ணிக் கொண்டுவந்து கொடுப்பாளாம். என் வீட்டுக்காரரே சொல்லியிருக்காரு. இப்ப அவருக்கு அதெல்லாம் ஞாபகம் இல்ல."

கிடுக்கி அறிக்கையை மேஜைமேல் போட்டாள். "சரி, நீ செஞ்ச கணக்கு என்ன? சொல்லு."

"சுழற்சி எல்லை நிபந்தனையோட மூலக்கூறு இயக்கவியல்ல, கன உலோக அயனிகளோட புறப்பரப்பு ஒட்டுதலை..."

"நிறுத்தும்மா" என்றான் அரைவக்கீல். "விசாரணையிலயும் இதைத்தான் சொன்னியா?"

"ரெண்டு தடவை சொன்னேன்."

"அப்ப உனக்குத் தூக்கு கொடுக்காம விட்டதே பெரிய விஷயம்."

கிடுக்கி ஒரு காலி டிபன் டப்பாவை அவள் முன் வைத்தாள். "இதை வச்சுச் சொல்லு."

டப்பாவைப் பார்த்ததும் அவளுக்கு மொழி திரும்பியது. "கம்ப்யூட்டருக்குள்ள இப்படி ஒரு சின்னப் பெட்டிங்க. கண்ணுக்கே தெரியாத அளவு. கீழே களிமண், மேலே தண்ணி. ஆலைக் கழிவு மாதிரியே அமிலத் தண்ணி. இடமிருந்து வலமா ஓடும். அதுல இருபத்து நாலு ஈய அணு விடுறோம். எது மண்ணு மேல ஒட்டுது, எது தண்ணியோட ஓடிடுதுன்னு பார்க்கணும். தண்ணி சாதாரணமா இருந்தா களிமண் நல்லாப் பிடிக்கும். அமிலம் கூடிட்டா பிடி விட்டுடும்."

"அறிக்கை என்ன சொல்லுது?"

"இருபத்து நாலும் பெட்டிக்குள்ளயே இருக்கு. நூறு சதவீதம் பிடிச்சு நிறுத்தியாச்சுன்னு."

கிடுக்கி பக்கங்களைப் புரட்டினாள். பக்கத்துக்கு ஒரு படம். பழுப்பு மண், நீல நீர், எண் போட்ட சாம்பல் உருண்டைகள். பதினெட்டாம் பக்கத்தில் நின்றாள். பத்தொன்பதைப் பார்த்தாள். மறுபடி பதினெட்டு.

"இந்த ஏழாம் நம்பர் ஆசாமி. இந்தப் படத்துல வலது ஓரத்துல நிக்கிறான். அடுத்த படத்துல இடது ஓரம். தண்ணி வலப்பக்கம் ஓடுதுன்னு சொன்ன. இவன் மட்டும் எதிர்நீச்சல் போட்டானா?"

"இல்லீங்க. அது வெளியே போயிடுச்சு."

"வெளியே போனவன் எப்படி உள்ளே இருக்கான்?"

ஆய்வாளர் வாயைத் திறப்பதற்குள் 'டிங்' என்று ஒரு சத்தம். அரைவக்கீல் மேஜைக்குக் கீழே தன் பழைய பட்டன் போனில் பாம்பு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். கிடுக்கி போனைப் பிடுங்கினாள். திட்டத்தான் பிடுங்கினாள். திட்டவில்லை. திரையையே பார்த்தாள். பாம்பின் தலை வலது ஓரத்தில் மறைந்தது. அதே வரியில் இடது ஓரத்தில் முளைத்தது.

"இதுவா?"

"இதேதாங்க!" ஆய்வாளர் எழுந்தே விட்டாள். "பெட்டி சின்னது, பூமி பெரிசு. அதனால வலப்பக்கம் வெளியே போறதை இடப்பக்கம் உள்ளே விட்டுடுவோம். எல்லா ஊர்லயும் அப்படித்தான் செய்வாங்க. அது தப்பில்ல. ஆனா எந்த அணு எத்தனை தடவை தாண்டுச்சுன்னு தனியா எழுதி வைக்கணும். தாண்டினதெல்லாம் ஓடிப்போனதுதான். நான் எழுதினேன். அட்டவணையில வலது ஓரத்து வரிசை."

கிடுக்கி அட்டவணையைத் திருப்பினாள். வலது ஓரத்தில் வெற்றுத் தாள்.

"எடுத்துட்டாரு" என்றாள் ஆய்வாளர். "என் கம்ப்யூட்டரையும் வாங்கிட்டாங்க. நகல் இல்ல."

"அச்சானதைப் படிக்காமலா கையெழுத்துப் போட்ட?"

"கடைசிப் பக்கத்தை மட்டும் நீட்டினாரு. போட்டேன்."

கிடுக்கி அவளைப் பார்த்த பார்வையில் இரக்கம் இல்லை. அட்டவணை போடத் தெரிந்த கைக்கு ஒரு தாளைத் திருப்பிப் பார்க்கத் தெரியவில்லை. படித்தவர்கள் மீது கிடுக்கிக்கு இருந்த அபிப்பிராயம் இன்னும் ஒரு படி இறங்கியது. ஏற்கெனவே கீழ்ப்படியில்தான் இருந்தது.

"அதாவது, கடைசியில பெட்டிக்குள்ள எத்தனை தலைன்னு மட்டும் எண்ணியிருக்காரு. அப்படின்னா..." அவள் பாதியில் நிறுத்திச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நல்லதுக்கு இல்லை என்பது அரைவக்கீலுக்குத் தெரியும். "சரி. அந்த வரிசையை அடிச்ச தாள் அவர்கிட்ட இருக்குமா?"

"கண்டிப்பா இருக்கும். தன் கையால திருத்தின எந்தத் தாளையும் தூக்கிப் போட மாட்டாரு. பச்சை மையில திருத்துவாரு. பைண்ட் பண்ணி அலமாரியில அடுக்கி வச்சிருக்காரு. வருங்காலத் தலைமுறைக்காம்."

"வருங்காலம் வந்தாச்சுன்னு சொல்லு" என்று கிடுக்கி எழுந்தாள். "டேய், கேமராவை எடு."

பேராசிரியரின் அறையில் எதைப் பார்த்தாலும் அவரே தெரிந்தார். சுவரில் பதினோரு படங்கள், பதினொன்றிலும் அவர். மேஜைமேல் கண்ணாடிச் சீசாவில் ஒரு பிடி களிமண், அதன் மேல் அவர் பெயர் ஒட்டிய சீட்டு. அந்த மண் மட்டும்தான் அந்த அறையில் எதுவும் பேசாமல் இருந்தது.

"வாரப் பத்திரிகைங்களா? மூணு மணிக்கு எனக்கு ஒரு சின்ன வேலை இருக்கு. ஒரு பொண்ணு கணக்குல தப்புத்தண்டா பண்ணிட்டா. அதுக்குள்ள முடிச்சுக்கலாம்."

"'மண்ணைப் பேச வைத்தவர்'னு தலைப்பு வச்சிருக்கோம் சார்" என்றான் அரைவக்கீல்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். தலைப்பு அவருக்குப் பிடித்திருந்தது. "'பேச வைத்த மேதை'ன்னு போட்டா ஓசை நல்லா வரும்."

"ஒரே ஒரு சந்தேகம் சார்" என்றாள் கிடுக்கி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு. "அந்த ஈய அணுக்களை எண்ணுற முறை அருமையா இருக்கே, அதை அந்தப் பொண்ணுதான் கண்டுபிடிச்சதா வெளியில பேசிக்கிறாங்க."

"யாரு? அவளா?" அவர் நாற்காலியே கிரீச்சிட்டது. "தப்பு பண்ணினது அவ. முறை என்னுது. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. அவ கொண்டு வந்த அட்டவணையில ஓரமா என்னமோ ஒரு வரிசை. எத்தனை தடவை தாண்டுச்சு, எங்கே தாண்டுச்சுன்னு. உள்ளே இருக்கிறதை எண்ணும்மா, ஊர் சுத்தினதை ஏன் எண்ணுறேன்னு கேட்டேன். அடிச்சேன். அறிக்கை பளிச்சுன்னு ஆயிடுச்சு."

"உங்க கையாலயே அடிச்சீங்களா சார்?"

"வேற யார் கை? பார்க்கணுமா?"

அவரே எழுந்தார். அவரே அலமாரியைத் திறந்தார். தங்க எழுத்து போட்ட நாலாவது தொகுதியை அவரே விரித்தார். பச்சைக் கோடு ஒன்று வலது ஓரத்து வரிசை நெடுக மேலிருந்து கீழாக ஓடியது. பக்கத்தில் 'தேவையற்றது'. கீழே கையெழுத்து, தேதி.

"சார், அந்தப் பக்கத்தை நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு ஒரு படம்" என்றான் அரைவக்கீல். "கொஞ்சம் மேலே... இன்னும் கொஞ்சம்... எண்ணெல்லாம் தெரியட்டும். வாசகருக்கு நம்பிக்கை வரணும் பாருங்க. சிரிங்க சார்!"

பேராசிரியர் சிரித்தார்.

படியிறங்கும்போது அரைவக்கீல் முணுமுணுத்தான். "அக்கா, கள்ளச் சாவி போடணும், பூட்டை உடைக்கணும்னு நெனச்சு கம்பியெல்லாம் எடுத்துட்டு வந்தேன். இந்த ஆளு என்ன, திருட்டுச் சாமானைக் கையில ஏந்திக்கிட்டுப் போஸ் கொடுக்கிறாரு?"

"திருடனுக்குத் தான் திருடன்னு தெரியும்டா. இவருக்கு அதுகூடத் தெரியல" என்றாள் கிடுக்கி. "அதான் எனக்கு வேணும்."

விசாரணை அறையில் நீள மேஜை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விசாரணை அதிகாரி இருமல் மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் அந்தக் கடிதமும் மூடி கழற்றிய பேனாவும் தயாராக இருந்தன. விசாரணை முடியும் முன்பே தீர்ப்பை டைப் அடித்துவிடும் அதிகாரிகளைக் கிடுக்கி நிறையப் பார்த்திருக்கிறாள். எல்லோருக்கும் மாலை நான்கு மணிக்கு வேறு எங்கோ போக வேண்டியிருக்கும்.

"இவங்க ரெண்டு பேரும் யாரு?"

"விசாரணைக்கு நீங்க அனுப்பின அழைப்போட பின்பக்கம் எட்டாவது வரி சார்" என்றான் அரைவக்கீல். "'குற்றம் சாட்டப்பட்டவர் துணைக்கு இருவரை அழைத்து வரலாம்.' பொடி எழுத்துல போட்டா யாரும் படிக்க மாட்டாங்கன்னு நெனச்சிருப்பீங்க. எனக்குப் பொடி எழுத்து மட்டும்தான் சார் படிப்பு."

பேராசிரியர் வெளுத்தார். "பத்திரிகைக்காரங்கன்னு சொன்னீங்க!"

"படம் நல்லா வந்திருக்கு சார்" என்று கிடுக்கி கேமராவை அதிகாரி முன் வைத்தாள்.

அதிகாரி பார்த்தார். திரையில் பேராசிரியர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் பச்சைக் கோடு.

"ஒரு வரிசையை இந்தப் பொண்ணு மறைச்சுட்டான்னுதானே குற்றச்சாட்டு? அவ எழுதியிருக்கா. அடிச்ச கை யாருதுன்னு கையெழுத்தோட இருக்கு."

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். பிடிபட்டவன் ஓடுவான் என்பது கிடுக்கியின் அனுபவம். இவர் ஓடவில்லை, மேடை ஏறினார். "ஆமா, அடிச்சேன்! ஏன்னா அது குப்பை. என் எண்ணிக்கைதான் சரி. களிமண் பிடிச்சதாலதான் இருபத்து நாலும் பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு. வரிசையை எடுத்தா என்ன, எடுக்காட்டி என்ன? கிணத்துக்கு ஈயம் வேற எங்கிருந்தாவது வந்திருக்கும்."

அதிகாரி மிட்டாயை மறு கன்னத்துக்கு மாற்றினார். அவர் கண் மறுபடி கடிதத்தின் பக்கம் போனது. ஆய்வாளரை மூன்று மாதமாக மென்று துப்பிய வாதம் இதுதான்.

"அப்படின்னா சின்ன வேண்டுகோள்" என்றாள் கிடுக்கி. "களிமண்தான் பிடிச்சு வைக்குதுன்னா, களிமண்ணை எடுத்துட்டு ஓட்டிக் காட்டுங்க. வெறும் தண்ணி, இருபத்து நாலு ஈயம். எத்தனை மிஞ்சும்?"

"பூஜ்யம்!" என்றார் பேராசிரியர் உடனே. "எல்லாம் ஓடிப் போயிடும். அதைப் பார்த்தாவது உங்களுக்கெல்லாம் என் கணக்கோட அருமை புரியட்டும். முழு ஓட்டம் நாலு நாள் ஆகும். இதுக்குக் கால் மணி நேர ஓட்டம் போதும்."

ஆய்வாளர் கிடுக்கியைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கிடுக்கி அவள் காலை மெதுவாக மிதித்தாள். பேசாதே.

மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரை யாரும் தொடக்கூடாது என்று பேராசிரியரே உட்கார்ந்தார். ஆட்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினார். களிமண் என்ற இடத்தில் இருந்த 1-ஐ 0 ஆக்கினார். சுவரில் விழுந்த படத்தில் பழுப்பு மறைந்தது. நீலம் மட்டும். சாம்பல் உருண்டைகள் வலப்பக்கமாக மிதந்தன.

"பார்த்துக்கிட்டே இருங்க. ஒண்ணொண்ணாப் போகும்."

முதல் உருண்டை வலது ஓரத்தில் மறைந்தது. "போச்சா?" என்றார் வெற்றியோடு.

இடது ஓரத்தில் முளைத்தது.

அவர் முகம் சுளித்தார். இரண்டாவது போனது. வந்தது. மூன்றாவது, ஏழாவது, பதினெட்டாவது. வாசலில் போய்க் கொல்லைப்புறமாக வந்து மறுபடி கூடத்தில் உட்காரும் மாப்பிள்ளைகள் மாதிரி எல்லாம் திரும்பத் திரும்ப வந்தன. கால் மணி நேரத்தில் அரைவக்கீல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வாழ்நாளில் அது சாதனை.

ஓட்டம் நின்றது. சுவரில் பெரிய எழுத்தில் விடை விழுந்தது.

களிமண்: இல்லை. பெட்டிக்குள் ஈயம்: 24. பிடித்து நிறுத்தியது: 100 சதவீதம்.

"அடேங்கப்பா" என்றான் அரைவக்கீல். "மண்ணே இல்லாம மண்ணு பிடிச்சிருக்கு சார்!"

"இது... புரோகிராம்ல ஏதோ..."

"புரோகிராம்ல ஒண்ணும் இல்ல." கிடுக்கியின் குரல் ஏறவில்லை. "இந்தப் பெட்டியில களிமண்ணைப் போட்டாலும் இருபத்து நாலு. கல்லைப் போட்டாலும் இருபத்து நாலு. உங்க படத்தை மாட்டி வச்சாலும் இருபத்து நாலு. இதுல வெளியே போறதுக்கு வழியே கிடையாது. அதைக் காட்டிக்கொடுக்கிற ஒரே வரிசையைப் பச்சைக் கோடு போட்டு அடிச்சிருக்கீங்க. பொய் சொல்லணும்னு அடிச்சிருந்தாக்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். தாள் பளிச்சுன்னு இருக்கணும்னு அடிச்சிருக்கீங்க."

பேராசிரியர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முதன்முறையாக அவர் அந்தப் பெட்டியை உண்மையில் பார்க்கிறார் என்று கிடுக்கிக்குத் தோன்றியது. பன்னிரண்டு வருடமாக அதை வைத்துத்தான் பேர் வாங்கியிருக்கிறார்.

விசாரணை அதிகாரி மிட்டாயைக் கடித்து விழுங்கினார். கடிதத்தை எடுத்து உதவியாளரிடம் நீட்டினார். "பேரை மாத்தி அடிச்சுட்டு வாப்பா. அப்படியே அந்த ஆலைக் குட்டையை மூடச் சொல்லி ஒண்ணு. நாலு மணிக்குள்ள."

அவருக்கு எந்தப் பெயராக இருந்தாலும் ஒன்றுதான். கிடுக்கி அவருக்கு வணக்கம் சொல்லவில்லை.

வெளியே குழாய் ஏற்றிய சின்ன வேன் ஒன்று நின்றிருந்தது. ஓட்டும் இடத்தில் ஆய்வாளரின் அண்ணன், குழாய் வேலைக்காரர். மனைவியை அழைத்துப் போகத்தான் வந்திருந்தார். தங்கையைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசலில் காத்திருந்து அப்போதுதான் எல்லாம் கேட்டறிந்த அண்ணி ஓடிப்போய் ஜன்னலில் குனிந்து ஏதேதோ சொன்னாள். பாதி அழுகை, பாதி கையால் காட்டிய பெட்டி. அரைவக்கீல் கேமராவை நீட்டினான். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

பிறகு, மூன்று மாதத்தில் முதல் தடவையாக, "உன் கணக்குப்படி எத்தனை ஓடிச்சு?" என்றார்.

"பத்தொன்பது."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்ணா. எழுதினேன். அடிச்சுட்டாரு."

"அடிச்ச தாள்ல நீ ஏன் கையெழுத்துப் போட்ட?"

வழியெல்லாம் ஒரு பதில் தேடிக்கொண்டு வந்தவள் போல ஆய்வாளர் வாயைத் திறந்தாள். "திருப்பிப் பார்க்கல அண்ணா" என்றாள்.

அரைவக்கீல் ஏதோ நகைச்சுவை சொல்ல வாயெடுத்தான். கிடுக்கி அவன் முழங்கையை அழுத்தினாள். பேராசிரியரை நறுக்கிய நாக்கால் இவளையும் நறுக்கலாம்தான். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை அந்த வேனில் இருப்பவருக்குத்தான் உண்டு.

அண்ணன் ஸ்டியரிங்கை ஒரு தடவை தட்டினார். பிறகு எட்டி மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறு. வாராவாரம் ஏன் ஊசி போடுறாங்கன்னு என் பொண்ணு என்னைத்தான் கேட்கிறா. எனக்குச் சொல்லத் தெரியல. நீ வந்து சொல்லு. அந்தப் பெட்டி, பச்சைக் கோடு எல்லாத்தையும் சொல்லு. திருப்பிப் பார்க்காததையும் சேர்த்துச் சொல்லு."

ஆய்வாளர் ஏறினாள். இந்தத் தடவை அண்ணி நெருங்கி உட்கார்ந்தாள். வேறு வழியில்லை, வேனில் இடம் அவ்வளவுதான்.